புதிதாக வார்டுக்கு வரும் செவிலியருக்கு: தொற்றைத் தடுப்பதும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும்

புதுச்சேரியிலோ கடலூரிலோ நர்சிங் முடித்துவிட்டு முதல்முறையாக வார்டு ட்யூட்டிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னும் படித்துக்கொண்டே கிளினிக்கல் போஸ்டிங் போகிறவர்களுக்கும் பயன்படும். பாடத்தில் தொற்றுத் தடுப்பு ஓர் அத்தியாயம், அடிப்படை நோயாளி பராமரிப்பு இன்னோர் அத்தியாயம். வார்டில் அப்படிப் பிரிக்க முடியாது. குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, ட்ரிப்ஸ் ஏறும் கையைத் திறந்து பார்ப்பது ஆகிய வேலைகளுக்குள்ளேதான் தொற்று நிற்பதும் பரவுவதும் முடிவாகிறது. இவற்றைத் தள்ளிப்போட்டுவிட்டு எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் ஏற்றினாலும் ஈடாகாது. அதனால் ஒரு ட்யூட்டி எந்த வரிசையில் நடக்குமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வேலைக்குச் சேருவதற்கு முன்

முதலில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. பலர் இரண்டோடு விட்டுவிடுகிறார்கள். மூன்றையும் முடித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு (ஆன்டி-எச்.பி.எஸ்.) 10 mIU/mL-க்கு மேல் இருக்கிறதா என்று பரிசோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வார்டில் தவறுதலாக ஊசி குத்திவிட்டால், அன்று டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நெயில் பாலிஷ், ஒட்டு நகம் வேண்டாம். மருதாணி இருந்தால் பரவாயில்லை. மோதிரம், வளையல், வாட்ச் மூன்றையும் கழற்றிவிட வேண்டும், முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. திருவந்திபுரத்திலோ மயிலத்திலோ வேண்டிக்கொண்டு கட்டிய கயிறு நம்மில் பலர் மணிக்கட்டில் இருக்கும். அதை அவிழ்க்கச் சொன்னால் முகம் வாடிவிடும். ஆனால் அந்தக் கயிறு நாள் முழுக்க ஈரமாகவே இருக்கிறது. கை கழுவும்போது அதற்கு அடியில் சோப்பு போவதில்லை. புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்யும்போது அதன் நுனி தொங்கும். முழங்கைக்கு மேலே, சட்டைக் கைக்குள் மறைகிற மாதிரி கட்டிக்கொள்ளுங்கள், அல்லது பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். சாமிக்குக் குறை ஒன்றும் வராது.

கை

உலக சுகாதார நிறுவனம் கையைச் சுத்தம் செய்ய ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், கிருமி படக் கூடாத வேலையைச் செய்யும் முன், ரத்தமோ மற்ற உடல் திரவங்களோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றி இருக்கும் பொருளைத் தொட்ட பின். மனப்பாடம் செய்வது சுலபம். ஒரு கட்டிலோடு சேர்த்துப் பார்த்தால்தான் கைக்கு வரும்.

12-ஆம் நம்பர் கட்டிலுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். நாடி பார்க்கும் முன் கையில் ஸ்டெரிலியம் (ஆல்கஹால் ஹேண்ட் ரப்) தேய்க்கிறீர்கள். அது முதல் தருணம். பிறகு வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் போட்டிருக்கும் சிறு குழாய்) வழியாக மருந்து போட வேண்டும், அதற்கு முன் மறுபடியும் தேய்க்க வேண்டும். அடுத்து யூரின் பேகைக் காலி செய்கிறீர்கள், கிளவுஸைக் கழற்றியதும் மறுபடியும். போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது ஒருமுறை. நோயாளியைத் தொடவே இல்லை, பக்கத்து ஸ்டூலை நகர்த்தி ட்ரிப்ஸ் வேகத்தை மட்டும் மாற்றினீர்கள் என்றாலும் ஒருமுறை. புதியவர்கள் அதிகம் விடுவது இந்தக் கடைசித் தருணத்தைத்தான். கட்டில் கம்பி, ட்ரிப்ஸ் ஸ்டாண்ட், லாக்கர் மூடி எல்லாம் அந்த நோயாளியின் கிருமியோடுதான் இருக்கும்.

கையில் அழுக்கு தெரியாதபோது ஹேண்ட் ரப் போதும். உள்ளங்கை நிறைய எடுத்து 20 முதல் 30 விநாடி, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். துணியில் துடைக்கவோ ஊதிக் காயவைக்கவோ கூடாது. கையில் ரத்தமோ மலமோ தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, தேய்த்துக் கழுவித்தான் போக்க வேண்டும்.

தேய்க்கும்போது உள்ளங்கை எல்லோருக்கும் சுத்தமாகிவிடும். விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனிகளும். நோயாளியைத் தொடுவதோ அந்த இரண்டாலும்தான். கட்டைவிரலை மறு கைக்குள் பிடித்துச் சுழற்றுங்கள், ஐந்து நுனிகளையும் சேர்த்து மறு உள்ளங்கையில் தேயுங்கள். கழுவியபின் குழாயை முழங்கையாலோ டிஷ்யூவாலோ மூடுங்கள். வாஷ் பேசின் பக்கத்தில் ஒரே துண்டு நாள் முழுக்கத் தொங்கினால் அதில் கையைத் துடைக்காதீர்கள். தண்ணீர் வராத நாளில் வாளியும் மக்குமாகச் சமாளிக்க வேண்டி வரும். அப்போது மக்கை வாளிக்குள் விட்டு உள்ளேயே கழுவாமல், இன்னொருவரை ஊற்றச் சொல்லிக் கழுவுங்கள்.

கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாம் என்ற எண்ணம் புதியவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஒருநாள் ஒரு மாணவியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கிளவுஸ் போட்ட கையால் புண்ணின் பழைய கட்டை அவிழ்த்தார். அதே கையால் ஸ்க்ரீனை இழுத்து விட்டார், டிரெஸ்ஸிங் டிரம்மின் மூடியைத் திறந்தார், பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார், முகமூடியை மேலே இழுத்துக்கொண்டார். அவர் கை சுத்தமாகத்தான் இருந்தது. ஸ்க்ரீன், டிரம், பேனா, முகம் நான்கிலும் அந்தப் புண் இருந்தது. கிளவுஸ் ஒரு வேலைக்கு, ஒரு நோயாளிக்கு. ஒரே நோயாளியிடமும் அழுக்கான இடத்திலிருந்து சுத்தமான இடத்துக்குப் போகும்போது மாற்ற வேண்டும். கழற்றியதும் கையைத் தேய்க்க வேண்டும். கிளவுஸ் மேலேயே ஸ்டெரிலியம் தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவதை யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காதீர்கள்.

மொபைலும் அப்படித்தான். ட்யூட்டியில் அது லாக்கரில் இருக்கட்டும்.

முகமூடி, கவுன்

எல்லா நோயாளிக்கும் எல்லாம் போட வேண்டியதில்லை. எது எங்கே தெறிக்கும், எந்த வழியில் பரவும் என்று யோசித்துப் போட வேண்டும். காசநோய், தட்டம்மை, சின்னம்மை மூன்றும் காற்றில் மிதந்து பரவுபவை. இவற்றுக்கு என்95, அதுவும் மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்த்துப் போட்டது. நோயாளிக்குச் சாதாரண முகமூடி கொடுத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏ.சி. அறைதான் வசதி என்று காசநோயாளியை மூடிய அறையில் வைத்தால் கிருமிக்குத்தான் வசதி.

போடும் வரிசை: கவுன், முகமூடி, கண்ணாடி, கிளவுஸ். கழற்றும் வரிசை: கிளவுஸ், கண்ணாடி, கவுன், கடைசியில் முகமூடி. முகமூடியை அறைக்கு வெளியே வந்து, நாடாவை மட்டும் பிடித்துக் கழற்ற வேண்டும். உடனே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். போடும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். வேலை முடிந்த களைப்பில் கழற்றும்போதுதான் முகத்தில் கை படுகிறது.

நோயாளியிடம் முதல் வார்த்தை

கட்டில் நம்பரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். "ஐயா, நான் இன்னைக்கு உங்களைப் பார்த்துக்கப்போற சிஸ்டர். உங்க பேரைச் சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். ஆண் செவிலியர் என்றால் பிரதர் என்பார்கள். பேரை நீங்கள் சொல்லி "சரிதானே?" என்று கேட்டால், காது மந்தமானவரும் பயந்தவரும் எதற்கும் தலையாட்டுவார்கள். அவர்கள் வாயாலேயே வர வேண்டும். ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதனால் பேரோடு அப்பா பேரோ கணவர் பேரோ, ஐ.பி. நம்பரோ (உள்நோயாளி எண்) சேர்த்து, கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பாருங்கள்.

என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். ஸ்க்ரீனை முழுதாக இழுத்து விடுங்கள். வயதான அம்மாவுக்கு வலியைவிட நாலு பேர் முன்னால் புடவை விலகுவதுதான் பெரிய வேதனை.

வெப்பம், நாடி, மூச்சு, பி.பி.

இதில் அதிகம் கோட்டை விடுவது மூச்சை எண்ணுவதில். பலருடைய சார்ட்டில் எல்லா நோயாளிக்கும் ஒரே எண் இருக்கும். "மூச்சு எண்ணப்போறேன்" என்று சொன்னால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கும்போது பி.பி. இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகம் ஏறுவது உண்டு. 24, 26 என்று வந்தால் எழுதிவிட்டு நகராதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் ஓய்வு, கை நெஞ்சு மட்டத்தில், பட்டை கையின் பருமனுக்கு ஏற்ற அளவு. அந்தப் பட்டை கட்டில் கட்டிலாக எல்லார் வேர்வையையும் வாங்கிக்கொண்டு போகிறது. கிருமி நாசினித் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கட்டுங்கள். ஸ்டெதஸ்கோப்பின் தட்டையும் ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். தோலில் புண்ணோ, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ உள்ளவருக்கு பி.பி. கருவியைத் தனியாக வைத்துவிடுவது நல்லது.

படுக்கையிலேயே குளிப்பாட்டுதல்

இதைக் கடைநிலை வேலை என்று நினைத்து ஆயாம்மாவிடமோ கூட இருக்கும் உறவினரிடமோ தள்ளிவிடும் பழக்கம் வளர்ந்துகொண்டு வருகிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நோயாளியின் உடம்பைத் தலை முதல் கால் வரை வெளிச்சத்தில் ஒருவர் பார்ப்பது ஒரு நாளில் இந்த ஒரு தடவைதான். ரவுண்ட்ஸில் வரும் டாக்டருக்கு அந்த நேரம் கிடையாது.

வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு பேசின், இரண்டு மூன்று சிறு துணிகள், காய்ந்த துண்டு, மாற்று உடை எல்லாவற்றையும் முதலிலேயே கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் ஓடக் கூடாது. மின்விசிறியைக் குறையுங்கள். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடியே வையுங்கள். கண்ணிலிருந்து ஆரம்பம்: மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து வெளியே ஒரே இழுப்பு, மறு கண்ணுக்குத் துணியின் வேறு பகுதி. அப்புறம் முகம், கழுத்து, கைகள், நெஞ்சு, வயிறு, கால்கள், முதுகு. தண்ணீரை மாற்றி, கிளவுஸ் போட்டு, மறைவிடம் கடைசியில். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னே. அதே தண்ணீரில், அதே துணியில் மறுபடி முன்னே வராதீர்கள்.

துடைத்துக்கொண்டே பாருங்கள். நம் பகுதியில் மழை முடிந்து பனி விழும் மாதங்களில் காய்ச்சல் நோயாளிகள் நிறைய வருவார்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி மடிப்பு, இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம், காதின் பின்புறம் எல்லாவற்றையும் விலக்கிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கும் அதைச் சுற்றிச் சிவப்பு வளையமும் இருக்கிறதா? அது ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். புதர், புல்வெளி, வயலோரங்களில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம் புழு கடித்த இடம் அது. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இந்தக் காய்ச்சல் நன்றாகவே உண்டு. காரணம் தெரியாத காய்ச்சல் என்று நாள்கணக்கில் இழுக்கும் ஒருவரின் சிகிச்சை, குளிப்பாட்டும் செவிலியர் கண்டு சொன்ன அந்த ஒரு பொருக்கால் சரியான மருந்துக்குத் திரும்பிவிடும். டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்துக்கே இது கேட்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதால் உறவினர்கள் பயப்படத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள்.

டெங்கு நோயாளி என்றால் தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம், ஊசி போட்ட இடத்தில் கசிவு ஆகியவற்றைத் தேடுங்கள். காய்ச்சல் விட்டதும் உறவினர்கள் நிம்மதியாகிவிடுவார்கள், ஆனால் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். வயிற்று வலி, விடாத வாந்தி, நிலைகொள்ளாமல் புரளுவது எதுவாக இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். காய்ச்சல் அடிக்கும் நாள்களில் பகலிலும் கொசுவலைக்குள் வையுங்கள். அவரைக் கடித்த ஏடிஸ் கொசு சில நாள் கழித்துப் பக்கத்துக் கட்டிலைக் கடித்தால் வார்டுக்குள்ளேயே நோய் பரவும். வராண்டாவில் திறந்து கிடக்கும் வாளியும் தொற்றுத் தடுப்புக் கணக்கில்தான் சேரும்.

குளித்ததும் மடிப்புகளை ஒற்றி ஈரம் போகத் துடையுங்கள். கத்திரி வெயில் நாள்களில் மார்பின் அடியிலும் தொடை இடுக்கிலும் படை வருவது அந்த ஈரத்தால். உறவினர்கள் அன்போடு பவுடரைக் கொட்டுவார்கள். அது வேர்வையில் கட்டியாகித் தோலை உரசும், வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். வறண்ட காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். நெற்றிக்கு விபூதி வைக்கட்டும். புண்ணிலும் வென்ஃப்ளான் இருக்கும் இடத்திலும் மட்டும் வைக்கக் கூடாது.

வாய்ச் சுத்தம் ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு முறை. சாப்பிடாதவருக்கும், மூக்குக் குழாயில் உணவு போகிறவருக்கும் இது இன்னும் அவசியம். வாயில் சேரும் அழுக்குதான் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகிறது. நினைவில்லாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சக்ஷனை (சளி உறிஞ்சும் கருவியை) தயாராக வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரைல்ஸ் ட்யூபில் (அந்த மூக்குக் குழாயில்) கஞ்சி ஊற்றும்போதும் அதற்குப் பிறகும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும்.

படுக்கைப்புண் வராமல்

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஆல்ஃபா பெட் (காற்று மெத்தை) போட்டிருந்தாலும்தான். திருப்பிய நேரத்தையும் பக்கத்தையும் எழுதிக் கட்டிலில் மாட்டிவிட்டால் ஷிஃப்ட் மாறும்போது குழப்பம் இல்லை. தனியாக இழுக்காதீர்கள். இழுத்தால் விரிப்பில் தோல் உரசிக் கிழியும். இரண்டு பேர் விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள்.

திருப்பும்போது வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், பின்மண்டை நான்கையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் நேரத்தில் பார்த்துவிட்டீர்கள். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. கருத்த தோலில் நிறம் ஏமாற்றும், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, வளையத் தலையணை வைப்பது, கிளவுஸில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பது மூன்றும் இன்னும் வார்டுகளில் நடக்கிறது. மூன்றும் கெடுதல். கெண்டைக்காலின் நீளத்துக்கு ஒரு தலையணையை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கவிட்டால் போதும்.

வென்ஃப்ளான், ட்ரிப்ஸ்

குத்தும் முன் தோலில் தடவிய மருந்து காய வேண்டும். காய்ந்தபின் நரம்பு எங்கே என்று மறுபடி விரலால் தடவினால் செய்ததெல்லாம் வீண். போட்டதும் தேதியும் நேரமும் டிரெஸ்ஸிங் மேல் எழுதுங்கள். ஒவ்வொரு முறை மருந்து போடும் முன்னும் வென்ஃப்ளானில் மருந்து போடும் மூடித் துளையை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிடுங்கள். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான். கிருமி நேராக ரத்தத்துக்குள் போக இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் கட்டைப் பார்த்து, "இங்க எரியுதாம்மா, வலிக்குதா?" என்று கேளுங்கள். சிவப்பு, வீக்கம், நரம்பு கயிறாகத் தடிப்பது, மருந்து போகும்போது எரிச்சல் எது இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். "இன்னும் ஒரு டோஸ்தானே" என்று அதிலேயே போடக் கூடாது. ட்ரிப்ஸ் நின்று, மாத்திரைக்கு மாறியவருக்கு வென்ஃப்ளான் எதற்கு என்று டாக்டரிடம் நீங்களே கேட்கலாம்.

ட்ரிப்ஸ் மெதுவாக இறங்குகிறது என்று பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசி குத்திக் காற்றுக்கு வழி விடுவதைப் பார்ப்பீர்கள். வார்டின் தூசியும் கிருமியும் அந்த ஊசி வழியாக உள்ளே போகும். காற்றுத் துளை உள்ள செட்டைப் பயன்படுத்துங்கள். மருந்துக் குப்பியின் ரப்பரில் ஊசியைக் குத்தியே விட்டுவைப்பதும் அதே தவறுதான். ஓர் ஊசி, ஒரு சிரிஞ்சு, ஒரே முறை. ஊசியை மாற்றினாலும் சிரிஞ்சை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்சுலின் பேனாவும் ஒருவருக்கு மட்டும்தான்.

யூரின் குழாய்

பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. கட்டிலின் நகராத சட்டத்தில் மாட்டுங்கள். மேலே ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் மாட்டினால் பேகும் சேர்ந்து ஏறும். ஸ்கேனுக்கு அனுப்பும்போதுதான் பிசகும். டிராலியில் ஏற்றிவிட்டு, பேகை நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். குழாயில் நிற்கும் பழைய சிறுநீர் அப்படியே திரும்ப உள்ளே போகும். கிளம்பும் முன் பேகைக் காலி செய்து, டிராலியின் கீழ்க் கம்பியில் மாட்டி அனுப்புங்கள்.

முக்கால் பங்கு நிறையும் முன் காலி செய்யுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஜக், தனி கிளவுஸ். வரிசையாக ஒரே ஜக்கோடு போவது கிருமியை நாமே விநியோகிப்பதாகும். குழாயைத் தொடையில் ஒட்டி, இழுபடாமல் வையுங்கள். பேகிலிருந்து குழாயைக் கழற்றிப் பூட்டாதீர்கள். தினமும் காலையில் "இவருக்கு இன்னும் இது தேவையா?" என்ற கேள்வி ரவுண்ட்ஸில் எழ வேண்டும்.

நான்கு நிறம்

2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி, ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, முகமூடி, உடல் பாகங்கள், காலாவதி மருந்து மஞ்சளில். ட்ரிப்ஸ் செட், கதீட்டர், யூரின் பேக், கிளவுஸ், ஊசி நீக்கிய சிரிஞ்சு ஆகிய பிளாஸ்டிக், ரப்பர் சிவப்பில். ஊசி, பிளேடு வெள்ளை நிறக் குத்தாத (ஊசி துளைத்து வெளியே வராத) டப்பாவில். கண்ணாடிக் குப்பி, ஆம்பியூல் நீலத்தில். சாப்பாட்டுப் பொட்டலம், வாழை இலை, டீ கப் இவற்றுக்குச் சாதாரணக் குப்பைத் தொட்டி. மஞ்சள் பையில் இட்லி பொட்டலம் விழுந்தால் நாய், பூனை, எலி எல்லாம் அதைத் தேடி வரும்.

ஊசியை மறுபடி மூடி போடாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் மூடியைத் தட்டில் வைத்து ஒரு கையால் மட்டும் கோத்து எடுங்கள். குத்தாத டப்பாவும் நீடில் கட்டரும் கட்டிலருகே, ஊசி போடும் இடத்திலேயே இருக்க வேண்டும். திறந்த ஊசியோடு வார்டைக் கடந்து நடக்கும் பேச்சே இருக்கக் கூடாது. டப்பா முக்கால் நிறைந்ததும் மூடி மாற்றுங்கள். அமுக்கி இடம் பண்ணும்போதுதான் குத்துகிறது.

தரையில் ரத்தம் சிந்தினால் கிளவுஸ் போட்டு, உறிஞ்சும் துணியோ பேப்பரோ மேலே போட்டு, 1 சதவீத ஹைப்போகுளோரைட்டை (ப்ளீச் போன்ற கிருமிநாசினிக் கரைசல்) ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். பாட்டிலில் 4 சதவீதம் என்று இருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வெயிலில் வைத்த நேற்றைய கரைசலில் நாற்றம் இருக்கும், வேலை செய்யும் சக்தி குறைந்திருக்கும்.

ஊசி குத்திவிட்டால்

பதறாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ ஹைப்போகுளோரைட்டோ ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அப்புறம் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, அவர் வழியாக டாக்டரிடமோ கேஷுவாலிட்டிக்கோ போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். முதலில் தடுப்பூசியைச் சொன்னதற்கு இதுதான் காரணம். "ட்யூட்டி முடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், புதியவர் என்று தயங்காமல் மேலே உள்ளவரிடம் போங்கள். இந்த ஒரு விஷயத்தில் பணிந்துபோக வேண்டியதில்லை.

கூட இருப்பவர்கள்

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூர் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். துணைக்கு வந்தவர் ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுப்பார். அவரை விரட்டுவதால் ஒன்றும் ஆகாது. நோயாளியை நம்மைவிட அதிக நேரம் தொடுபவர் அவர்தான், அதனால் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். "அக்கா, அவருக்கு ஊட்டறதுக்கு முன்னாடி, பெட் பேன் எடுத்த பிறகு, ரெண்டு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. யூரின் பேகை நீங்க தொட வேணாம், எங்களைக் கூப்பிடுங்க." இவ்வளவு போதும். கட்டிலில் ஏறி உட்கார வேண்டாம், இருமல் சளி உள்ளவரும் சின்னக் குழந்தைகளும் வர வேண்டாம், பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் சேர்த்து உதவிவிட்டு அதே கையோடு திரும்ப வேண்டாம் என்பதையும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். உதவுகிற மனசு நல்லது, நடுவில் கை கழுவினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் புயல் நாள்களிலும் வார்டுத் தரை சேறாகிவிடும். ஈரக் குடையையும் செருப்பையும் வாசலோடு நிறுத்துங்கள். வெள்ளத்தில் நடந்து வந்தவரின் காலில் வெட்டுக் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாக இருந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள், எலிக் காய்ச்சலாக இருக்கலாம். குடிக்கக் கொதித்து ஆறிய தண்ணீர்தான் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ட்யூட்டி ஒப்படைக்கும்போது

கவுண்டரில் நின்று நோட்டைப் பார்த்து ஒப்பிக்காமல், அடுத்த சிஸ்டரைக் கட்டிலருகே கூட்டிப்போய்க் காட்டிச் சொல்லுங்கள்: வென்ஃப்ளான் போட்ட தேதி, யூரின் குழாய் எத்தனையாவது நாள், வால் எலும்பில் சிவப்பு உண்டா, கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினீர்கள், மூச்சு எவ்வளவு. செய்ததை அப்போதே எழுதிவிடுங்கள். செய்யாததை எழுதாதீர்கள்.

கிளம்பும் முன் கையைக் கழுவி, யூனிஃபார்மை மாற்றித் தனிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு பஸ்ஸில் ஏறி, வழியில் காய்கறி வாங்கி, வீட்டில் குழந்தையைத் தூக்குவது வேண்டாம். வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். ட்யூட்டிச் செருப்பு ஆஸ்பத்திரி லாக்கரிலேயே இருக்கட்டும்.